வலிக்கு ஒரு நம்பர்

அலோர் காஜா
8 ஜூலை 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

உலகெங்கும் வாழும் தமிழர்களுக்கும், குறிப்பாகச் சபா மாநிலம் தாவாவில் தாதியாக வேலை பார்க்கும் தாரணி இருளாண்டி என்பவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மாண்புமிகு கவிநேசன் அவர்களின் இடது கெண்டைக்கால், சென்ற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அரசாங்க மருத்துவர் ஒருவரால் சிறப்பாகத் திறந்துவைக்கப்பட்டது. ரிப்பன் கிடைக்காததால் தோலையே வெட்டினார்கள். விழா அரை மணி நேரத்தில் இனிதே முடிந்தது. சிற்றுண்டி வழங்கப்படவில்லை.

அந்தக் காலைத் தவிர இங்கு நான் முழு நலம். அங்கு உன் இரண்டு கால்களும் நலமா?

அம்மா போனில் சொல்லியிருப்பார். ஆனால் அம்மாவின் செய்தியில் அழுகை கூடுதலாகவும் தகவல் குறைவாகவும் இருக்கும். விடுதியில் கைப்பேசி கூடாது. சுவரில் தொங்கும் பொதுத் தொலைபேசியோ நான் இங்கு சேரும் முன்பே காலமாகிவிட்டது. ஆகவே கடிதம்.

நடந்தது இதுதான். விடுதியின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பர்கர் கடை. இந்தப் பக்கம் என் பசி. நடுவில் துருப்பிடித்த முள்கம்பி. கீறல் சின்னதுதான். வார்டனிடம் சொன்னால் பர்கர் கதையும் வெளியே வருமே என்று இரண்டு வாரம் காலுறைக்குள் மறைத்து வைத்தேன். உள்ளே சீழ் கட்டி, கால் பலாப்பழம் மாதிரி ஆகிவிட்டது. வெட்டி, கழுவி, தைக்காமல் திறந்தே விட்டிருக்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கிளினிக்கில் டிரெசர் ரங்கசாமி அண்ணன் கட்டு மாற்றுகிறார். விடுதியின் நோயாளி அறையில் எனக்குத் தனிக் கட்டில். இரண்டாம் கட்டில் காலி. ராஜ வாழ்க்கை.

அம்மா வந்து சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். ‘சின்ன ஆபரேஷன்தான்’ என்று டாக்டர் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். பிறகு போட்டார்.

வலி எவ்வளவு என்று கேட்பாய். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல், அதுதானே உங்கள் தாதியர் குலத்தின் தேசிய கீதம்? மலாய்க்கார டாக்டரிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்: கோசோங். பூஜ்யம். வலி என்னிடம் வாலாட்டாது.

உன் வீரத் தம்பி
கவி

*

தாவாவ்
15 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். இங்கே தினமும் சாயங்காலம் மழை. உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சிரித்தேன். பிறகு சோற்றை மூடி வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

இத்துடன் பன்னிரண்டு சிறு பிளாஸ்திரித் துண்டுகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு விதை இருக்கும். வலி குறைய இதைக் காதில் ஒட்ட வேண்டும். படம் வரைந்திருக்கிறேன். மேல்காதில் முக்கோணமாக ஒரு பள்ளம் இருக்கிறதே, அங்கே ஒன்று. உள்மடிப்பில் காலுக்கு உரிய இடத்தில் ஒன்று. காதுச் சோணைக்கு மேலே மேடாக இருக்கும் இடத்தில் ஒன்று. ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு விதையையும் ஒரு நிமிடம் விரல் நுனியால் அமுக்கி அமுக்கி விடு. தேய்க்காதே. காது லேசாகச் சூடாகும், கனக்கும். அது சரிதான். கட்டு மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலும் அமுக்கு. மூன்று நாளைக்கு ஒரு முறை அடுத்த காதுக்கு மாற்று. தோல் சிவந்தால் எடுத்துவிடு.

இது மருந்துக்குத் துணைதான். மருந்துக்குப் பதில் இல்லை. மாத்திரையை நிறுத்தாதே. சீழைப் பற்றி இந்த விதைக்கு ஒன்றும் தெரியாது. வலி கூடினால் உடனே ரங்கசாமி அண்ணனிடம் சொல்.

ஓர் ஆண்டுக்கு மேலாக நான் இந்த விதை டப்பாவைத் திறக்கவில்லை. சிறு காயங்களுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இதைத் தொடங்கச் சொல்லி இங்கே மேட்ரன் மூன்று முறை கேட்டுவிட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. முதலில் உனக்கு. அமுக்குவதற்கு முன் ஒரு நம்பர், பின் ஒரு நம்பர் எழுதி அனுப்பு. உண்மையான நம்பர். அதைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்ய வேண்டும்.

‘கோசோங்’ என்ற சொல்லை மட்டும் எழுதாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.
தாரணி

*

அலோர் காஜா
24 ஜூலை 2024

என் காதின் மேல் அக்கறையுள்ள அக்காவுக்கு,

எனக்கு முதலில் காது குத்தியது கோயிலில், மாமா மடியில், ஒரு வயதில். இரண்டாம் முறை குத்துவது பதினாறு வயதில், அக்கா, தபால் மூலமாக. மொய் எதுவும் வரவில்லை. விதை முளைத்தால் எத்தனை வேளை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுதவும்.

ஒட்டியது கோகுலராஜ். என் வகுப்புக்காரன், எனக்குத் தினமும் சோறு தூக்கி வருகிறவன். உன் படத்தையும் என் காதையும் மாறி மாறிப் பார்த்தான். ‘டேய், இது காதா, மலாக்கா மேப்பா? ஆடாம இருலா! இப்ப நான் சிம்பாங் அம்பாட்ல நிக்கிறேன், கால் எந்தப் பக்கம்?’ அரை மணி நேரம் ஆனது. அடுத்த நாள் கணிதச் சோதனை எழுத நொண்டிக்கொண்டு போனேன். காதில் ஏதோ கருவி மாட்டியிருக்கிறேன் என்று கணித ஆசிரியை ஒன்றைப் பிய்த்தே பார்த்துவிட்டார். விடை எதுவும் கிடைக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை.

படிவம் ஒன்றில் படிக்கும் பொடியன்களிடம் இது ஆவி பேசுவதைக் கேட்கும் கருவி என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டாம் கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார், பிஸ்கட் இல்லாவிட்டால் அவருக்குக் கோபம் வரும் என்றும். பிஸ்கட் நிறைய வருகிறது.

நம்பர்: முன் 0. பின் 0. நீ சொன்ன மாதிரி எண்ணால் எழுதிவிட்டேன், திட்டாதே.

ஒன்றே ஒன்று. நேற்று மதியம் மூன்று மணி. எல்லோரும் வகுப்பில். தகரக் கூரை சுட்டுக்கொண்டிருந்தது. நான் காதை அமுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் கட்டில் பக்கம் ஒரு சத்தம். கோகுலராஜ் வேலைதான் என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு செருப்புகூட இல்லை. நான் குடிவைத்த பேய் என்னிடமே வாடகை கேட்கிறது போலிருக்கிறது.

அங்கே மழையில் நனையாதே.
கவி

*

தாவாவ்
31 ஜூலை 2024

கவிக்கு,

நலம். இன்னும் பன்னிரண்டு துண்டுகள் வைத்திருக்கிறேன்.

பதில் எழுது: காயத்தின் ஓரம் என்ன நிறம்? கசிவு இருக்கிறதா? வாடை? காய்ச்சல்? கட்டு மாற்றும் நேரத்திலும் பூஜ்யமா? திறந்த காயத்தில் பஞ்சு வைத்து எடுப்பார்கள். அதற்கு யாரும் பூஜ்யம் சொல்லி நான் பார்த்ததில்லை. ஒரே ஒருவரைத் தவிர.

என்ன சத்தம்?

தாரணி

*

அலோர் காஜா
7 ஆகஸ்ட் 2024

போலீஸ் விசாரணை நடத்தும் அக்காவுக்கு,

காலும் நானும் வாக்குமூலம் கொடுப்பது: ஓரம் இளஞ்சிவப்பு. கசிவு கொஞ்சம். காய்ச்சல் இல்லை. கட்டு மாற்றும்போதும் 0. ரங்கசாமி அண்ணனே ‘நீ ஆம்பளடா தம்பி’ என்றார். கடந்த பதினான்கு நாளும் முன் 0, பின் 0. இவ்வளவு நேரான கோடு என் கணிதப் புத்தகத்தில்கூட இல்லை.

அக்கா, உன் விதை ஜெயித்துவிட்டது. மேட்ரனிடம் சரி என்று சொல்லிவிடு. நீ போனில் சிரித்தே ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்று அம்மா சொல்கிறார். நீ மறுபடி இந்த வேலையைத் தொடங்கினால் அம்மாவும் கொஞ்சம் தூங்குவார்.

சத்தம் என்ன என்று கேட்டாய். பல்லை இடுக்கிக்கொண்டு மூச்சை உள்ளே இழுப்பது, ஸ்ஸ்ஸ் என்று. அப்புறம் கோழியைக் கூப்பிடுவது மாதிரி ச்சு, ச்சு, ச்சு. மூன்று தடவை. உனக்குத்தான் தெரியுமே, அப்பா செய்வாரே, அதே மாதிரி. மதியம் மூன்று மணிக்குத்தான் வருகிறது. இந்த வாரம் வாசமும் சேர்ந்துவிட்டது. கோடாலித் தைலம். நான் பயப்படவில்லை. கட்டிலை மட்டும் சுவரோரம் தள்ளிப் போட்டிருக்கிறேன். காற்று வருவதற்காக.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கவி

*

அலோர் காஜா
21 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. முதலில் தபால்காரர் மேல் சந்தேகப்பட்டேன். அப்புறம் விமானத்தின் மேல். இப்போது என் மேல். நான் எழுதியதில் ஏதாவது தப்பா?

பொடியன்கள் இப்போது அறைக்கு வருவதில்லை. நான் பயமுறுத்தி அல்ல. ‘அண்ணே, உங்க ரூம்ல யாரோ தைலம் தேச்சிக்கிட்டு இருக்காங்க’ என்று ஒருவன் சொல்லிவிட்டு, பிஸ்கட்டை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவிட்டான். நான் அவர்களிடம் தைலம் பற்றி எதுவும் சொன்னதே இல்லை.

நேற்று ரங்கசாமி அண்ணன் கட்டைப் பிரித்துவிட்டு, ‘ஏன்டா இப்படி செவந்து கெடக்கு? வலிக்குதா?’ என்றார். ‘ஜீரோண்ணே’ என்றேன். ‘ஜீரோன்னா நல்லதுதான்லா’ என்று கட்டிவிட்டார். காய்ச்சல் மாதிரி கொஞ்சம். ஒன்றும் இல்லை.

காதை அமுக்கினால் அந்தச் சத்தம் வருகிறது. இப்போதெல்லாம் அமுக்காவிட்டாலும் வருகிறது.

பதில் போடு.
கவி

*

தாவாவ்
27 ஆகஸ்ட் 2024

கவி,

உன் கடிதம் வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டேன். அம்மா வார்டனைக் கூப்பிட்டிருப்பார். நீ இதைப் படிக்கும்போது உன் கால் ஒரு டாக்டர் முன்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இதை மடித்து வைத்துவிட்டு இப்போதே போ.

இரண்டு வாரம் நான் எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன். உன் பூஜ்யங்களை நம்பி மேட்ரனிடம் சரி என்றேன். பன்னிரண்டாம் தேதி முதல் நோயாளி. கொக்கோத் தோட்டத்துப் பெரியவர், காலில் வெட்டுக்காயம், சின்ன ஆபரேஷன். விதையை ஒட்டி அமுக்கிவிட்டு நம்பர் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ‘கோசோங், மிஸி’ என்றார். என் விரல் அவர் காதிலேயே நின்றுவிட்டது. துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். திரும்பி வந்து அவர் கட்டைப் பிரித்துக் குனிந்து முகர்ந்தேன். காயம் சுத்தமாக இருந்தது. அவர் சொன்னது உண்மைதான். அப்படியும் அன்றைக்கு ஐந்து முறை போய் முகர்ந்தேன். மற்ற நோயாளிகள் என்னைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது.

அப்பா காலில் செம்பனை முள் ஏறி, மலாக்காவில் என் வார்டிலேயே சின்ன ஆபரேஷன் செய்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினோம். காதில் விதை ஒட்டும் பயிற்சியை நான் முடித்த மாதம் அது. அப்பாதான் என் முதல் ஆள். தினமும் லூபோக் சீனாவில் நம் வீட்டுக்குப் போன் செய்து நம்பர் கேட்டேன். தினமும் ‘கோசோங்மா’ என்றார். வார்டு சிஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன். ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து, கட்டுக்குப் பக்கத்தில் குனிந்தேன். தைல வாசம்தான் அடித்தது. வயதானவர் பழக்கம் என்று எழுந்துவிட்டேன். எட்டாம் நாள் அவர் இல்லை. இனிப்பு நீர் நோய்க்காரர், புண் உள்ளே அழுகி ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள்.

வலியே தெரியாமல் ஒரு மனிதர் எப்படிடா அப்படிச் சாவார்? என் விதை அவர் வலியை முழுசாக மூடிவிட்டது. வலி இருந்திருந்தால் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார். ஒரு வருஷமாக நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் டப்பாவை மூடினேன். அதனால்தான் இவ்வளவு தூரம் மாற்றல் கேட்டு வாங்கினேன்.

இன்னொன்று. ஸ்ஸ்ஸ் என்று மூச்சிழுத்து, ச்சு ச்சு ச்சு என்று அப்பா சத்தம் போடுவார் என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும் என்றும் எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாது, கவி. நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

நீ எப்போது கேட்டாய்?

தாரணி

*

ஆஸ்பத்திரி, நான்காம் வார்டு
3 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

கோகுலராஜ் உன் கடிதத்தை இங்கே கொண்டுவந்து கொடுத்தான். மறுபடியும் திறந்து கழுவிவிட்டார்கள். இரண்டாம் திறப்பு விழா. கையில் மருந்து ஏறுகிறது. காய்ச்சல் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் எலும்பு வரை போயிருக்கும் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். அம்மா அதைக் கேட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தச் சத்தத்தைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. இன்றைக்கு எழுத வரவில்லை.

கவி

*

தாவாவ்
8 செப்டம்பர் 2024

கவி,

வார்டுக்குப் போன் செய்தேன். அம்மா போனை உன் காதில் வைத்தார். நீ தூங்குகிற மாதிரி நடித்தாய். நீ நிஜமாகத் தூங்கினால் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாய் என்று எனக்குத் தெரியாதா?

இருபத்தொன்றாம் தேதியிலிருந்து லீவு. விமானத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். ஆனால் நேரில் வந்து கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நான் தாதி முகத்தைப் போட்டுக்கொள்வேன். நீ ஜோக் அடிப்பாய். இரண்டு பேரும் தப்பித்துவிடுவோம். அதனால் நான் வருவதற்கு முன் எழுது.

எதுவாக இருந்தாலும் எழுது.
அக்கா

*

ஆஸ்பத்திரி, நான்காம் வார்டு
13 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

இங்கே சாப்பாடு பரவாயில்லை. அம்மா தினமும் ரசம் கொண்டுவருகிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது? சரி. நலம் விசாரித்தது போதும், சொல்லிவிடுகிறேன்.

அப்பா அந்தச் சத்தத்தை நீ போனை வைத்த பிறகுதான் போடுவார். உன்னிடம் ‘கோசோங்மா’ என்று சிரித்துவிட்டு, போனை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஸ்ஸ்ஸ். அப்புறம் ச்சு, ச்சு, ச்சு. நான் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டுக்கு அதே மாதிரி செய்து காட்டுவேன். அவரும் சிரிப்பார். நான்காம் நாள் கேட்டேன்.

‘நெசமா எவ்ளோப்பா?’

‘ஒம்போதுடா. அக்கா சொன்ன மாதிரி காத அமுக்கிக்கிட்டே இருந்தா ஏழு.’

‘அத அக்காகிட்ட சொல்ல வேண்டியதுதானே?’

‘ஏழுன்னா புள்ள பயந்துரும்டா. புதுசா படிச்சிட்டு வந்து மொத மொதல்ல எனக்கு செஞ்சி விட்டுருக்கு. அங்க பெரிய சிஸ்டருங்க முன்னால அது தல குனியக் கூடாதுல்ல. நீ வாய மூடிக்கிட்டு கடைக்குப் போயி ஒரு கோடாலித் தைலம் வாங்கிட்டு வா. கால் நாறுது. ஞாயித்துக்கெழம அக்கா வருது.’

நான் சைக்கிளில் போய் வாங்கி வந்தேன், அக்கா. சனிக்கிழமை இன்னொரு பாட்டில். மிச்சக் காசில் ஐஸ்கிரீம் தின்றேன். நானேதான் கட்டைச் சுற்றித் தடவிவிட்டேன். நீ குனிந்து முகர்ந்துவிட்டு எழுந்தபோது அப்பா எனக்குக் கண்ணடித்தார். நானும் அடித்தேன். அதுவரைக்கும் நான் செய்த குறும்புகளிலேயே அதுதான் பெரியது என்று நினைத்துக்கொண்டேன்.

உன் விதை அவர் வலியை மூடவில்லை. ஒன்பதை ஏழாக்கியது. அவ்வளவுதான். மீதி ஏழை மூடியது அவரும் நானும்.

ஒரு வருஷமாக இதைச் சொல்லப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வாயில் ஜோக்குதான் வருகிறது. நீ விதையை அனுப்பி, உண்மையான நம்பர் எழுது, அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றதும், பூஜ்யம் போட்டால் நீ பழையபடி ஆகிவிடுவாய் என்று நினைத்தேன். அப்பா நினைத்த மாதிரியே. அவர் செய்ததை அப்படியே செய்கிறோம் என்று எனக்கு உன் கடிதத்தைப் படிக்கும் வரை உறைக்கவில்லை.

நேற்று கோகுலராஜ் வந்தான். இரண்டாம் கட்டில் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். ‘டேய், நீதான்டா அந்தச் சத்தம் போடுற. ஒரு மாசமா. காத அமுக்கும்போது, கால அசைக்கும்போது, எல்லாம். சொன்னா ஒனக்கு அசிங்கமா இருக்கும்னு சொல்லல’ என்றான்.

‘அப்ப தைல வாசம்? அதுவும் நானா?’

‘அது நீ இல்ல. எனக்கும் அடிச்சிச்சி. அந்த ரூம்ல ஒரு பாட்டிலும் கெடையாது, நான் தேடிப் பாத்துட்டேன்.’

ரசத்தில் பிஸ்கட்டை முக்கித் தின்றோம்.

இப்போது உண்மையான கணக்கு. ஜூலையில் சும்மா இருக்கும்போது ஆறு, கட்டு மாற்றும்போது எட்டு. காதை அமுக்கினால் எட்டு ஆறாகும். இரண்டு முறை ஐந்து. ஆகஸ்டில் சும்மா இருக்கும்போதே எட்டு ஆனது. அதை நான் ரங்கசாமி அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். கட்டு மாற்றும்போதெல்லாம் பள்ளி டையைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான் பாட்டு முணுமுணுக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். பூஜ்யம் ஒரு நாளும் வரவில்லை. ஆனால் ஐந்து வந்தது, அக்கா. அதை மேட்ரனிடம் சொல்.

வலி என்னிடம் வாலாட்டாது என்று எழுதிய மாவீரன், இரண்டாம் முறை திறந்த பிறகு முதல் பஞ்சை எடுத்தபோது செய்த காரியத்தையும் நீ தெரிந்துகொள். ‘அக்கா!’ என்று அலறினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. இங்கே பவானேஸ்வரி என்று ஒரு தாதி இருக்கிறார். எல்லாப் பையன்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கையிலிருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, ‘இந்தா இருக்கேன்யா, என்னா செய்து?’ என்றார்.

மூக்கு ஒழுக ஒழுக நான் அவரிடம் சொன்னது: ‘நீங்க இல்லக்கா. எங்க அக்கா.’

கவி